93 சதவீதத்துக்குள் ஒரு காலனி

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பேப்பர், பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு துணை சுகாதார நிலையம். அதன் கீழ் 5,000 பேர். ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 14 குழந்தைகள் பிறக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 2020இல் தமிழ்நாட்டின் பிறப்பு விகிதம் ஏறத்தாழ அந்த அளவில்தான் இருந்தது. ஆக ஒரு வருடத்தில் 70 குழந்தைகள். அதில் 60 பேர் ஊரில், 10 பேர் காலனியில். பதினான்காவது வாரத்தில் போட வேண்டிய மூன்றாவது தவணை பென்டாவேலன்ட் ஊசிக்கு 5 குழந்தைகள் வரவில்லை. ஐந்து பேரும் காலனிப் பிள்ளைகள். இப்போது சதவீதம் போடுங்கள். 70க்கு 65. ஏறத்தாழ 93. வட்டார ஆய்வுக் கூட்டத்தில் இந்தத் துணை நிலையத்தைப் பற்றி ஒரு கேள்வியும் வராது. அடுத்த பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். காலனிக்கு மட்டும் தனியாகப் போட்டுப் பாருங்கள்: 50 சதவீதம்.

இது நானாகப் போட்ட கணக்கு. எந்த ஊர்ப் பதிவேட்டிலிருந்தும் எடுக்கவில்லை. ஆனால் மதுரையைச் சுற்றி மேலூர், உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் பக்கம் வேலை செய்கிற தோழர்கள் யாரிடம் இதைச் சொன்னாலும் முகத்தைச் சுளித்துவிட்டு ஒரு ஊர்ப் பெயரைச் சொல்கிறார்கள். அந்தப் பெயரைச் சுகாதாரத் துறையின் மாத அறிக்கையில் தேடினால் கிடைக்காது. ஏன் கிடைக்காது என்பதுதான் இந்தக் கட்டுரை.

நம் வாசிப்பு வட்டங்களுக்கு வரும் மாணவர்கள் வன்கொடுமை வழக்குகளைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். மேலவளவும் உத்தப்புரமும் நம் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. ஆனால் தடுப்பூசிப் பதிவேட்டைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அது டாக்டர்கள் சமாச்சாரம் என்று விட்டுவிடுகிறோம். உத்தப்புரம் சுவரில் 2008 மே மாதம் ஒரு வழி திறந்தார்கள். சுவர் என்பதால் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. பதிவேட்டில் இருக்கும் சுவர் கண்ணுக்குத் தெரியாது. அதைக் கூட்டல் கழித்தல் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எண் எப்படிப் பயணம் செய்கிறது என்று பார்ப்போம். புதன்கிழமை தடுப்பூசி நாள். கிராம சுகாதார செவிலியர், நாம் நர்ஸம்மா என்று கூப்பிடுகிறவர், ஊசி போட்டு அட்டையில் எழுதி, பதிவேட்டில் ஏற்றி, பிறகு பிக்மி என்னும் கணினிப் பதிவிலும் ஏற்றுகிறார். மாதக் கடைசியில் அது பகுதி சுகாதார செவிலியருக்குப் போகும், அங்கிருந்து வட்டார மருத்துவ அலுவலர், பிறகு மாவட்ட சுகாதார அலுவலர், பிறகு சென்னையில் பொது சுகாதார இயக்குநர் அலுவலகம். மாநகராட்சியில் பாதை கொஞ்சம் வேறு: நகர்ப்புற சுகாதார செவிலியர், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், அதன்பின் நகர்நல அலுவலர். ஒவ்வொரு படியிலும் பல எண்கள் கூட்டப்பட்டு ஒரே எண் ஆகின்றன. நர்ஸம்மாவின் நோட்டில் பெயரும் தெருவும் இருக்கும். வட்டார அறிக்கையில் துணை நிலையத்தின் பெயர் மட்டும் இருக்கும். மாவட்டத்தில் வட்டாரத்தின் பெயர் மட்டும். சென்னைக்குப் போகும்போது "மதுரை" என்று ஒரு வரி.

கடந்த சில ஆண்டுகளில் வேறு வேறு வேலையாக ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் போகும்போதெல்லாம் இந்த எண்களை வைத்து அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்துவந்தேன். சுவரில் ஒரு வரைபடம் தொங்கும்: கீழே பன்னிரண்டு மாதங்கள், ஓரத்தில் குழந்தைகள் எண்ணிக்கை, நடுவில் குறுக்காக ஏறும் ஒரு இலக்குக் கோடு. மாதாமாதம் போட்ட ஊசிகளைக் கூட்டி அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் வரைந்துகொண்டே போக வேண்டும். முதல் தவணைக்கு ஒரு கோடு, மூன்றாவது தவணைக்கு ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் விட்டுப்போன குழந்தைகள். முதல் தவணைக்கு வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் மூன்றாவதுக்கு வரவில்லை என்றால் அந்த இடத்தில் ஏதோ கோளாறு என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிக்கொடுத்திருக்கிறது. எளிமையான, நல்ல கருவி. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். நான் பார்த்த சில இடங்களில் மார்ச் மாதம் வரை வரைந்திருந்தது. நான் போனது நவம்பரில்.

வரைந்திருக்கும் இடத்திலும், அதை வைத்து மூன்று வேலைகள்தான் பெரும்பாலும் நடக்கின்றன. மேலிடத்துக்கு அனுப்புவது. அடுத்த மாதம் எத்தனை வயல் மருந்து வேண்டும் என்று இண்டென்ட் போடுவது. கூட்டத்தில் எண் குறைந்த நர்ஸம்மாவை நிற்கவைத்துக் கேட்பது. யார் விட்டுப்போனார்கள், எந்தத் தெரு, ஏன் என்ற கேள்வியை வட்டார மருத்துவர்களில் சிலர் கேட்கிறார்கள். அவர்களை நான் அறிவேன், மதிக்கிறேன். ஆனால் அது அவர்களின் சொந்த குணத்தால் நடக்கிறது. படிவம் அவர்களை அப்படிக் கேட்கச் சொல்லவில்லை.

ஒரு வட்டார மருத்துவர் என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார்: 85க்குக் கீழே போனால் விளக்கம் கேட்பார்கள், 100ஐத் தாண்டினால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று. நூற்றுக்கு மேல் எப்படிப் போகும் என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகப் போகும். சதவீதத்துக்கு மேலே ஒரு எண், கீழே ஒரு எண். கீழே இருப்பது "எதிர்பார்க்கப்படும் பிறப்புகள்". அது மக்கள்தொகையிலிருந்து வருகிறது. கடைசியாக மக்கள்தொகை கணக்கெடுத்தது 2011இல். 2021இல் எடுக்க வேண்டியதை எடுக்கவில்லை. அதே 2011இல்தான் மதுரை மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தது. அதற்குப் பிறகு எத்தனை நகர்கள் முளைத்தன, எத்தனை குடிசைப் பகுதிகள் காலி செய்யப்பட்டு ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன என்பதெல்லாம் அந்தக் கீழ் எண்ணுக்குத் தெரியாது. ஆண்டுக்கு இவ்வளவு என்று கூட்டிக்கொண்டே வருகிறார்கள்.

மேல் எண்ணிலும் குளறுபடி உண்டு. மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குச் சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர், தேனி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பிரசவத்துக்கு வருகிறார்கள். பிறந்தவுடன் போடும் காசநோய்த் தடுப்பூசி அங்கேயே போடப்படுகிறது. அந்த ஊசி எந்த ஊர்க் கணக்கு? பிறகு நம் ஊர் வழக்கம்: தலைப்பிரசவம் தாய்வீட்டில். அலங்காநல்லூர்ப் பெண் ஆரப்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாலும் பிள்ளை பெற அம்மா வீட்டுக்குப் போவாள், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையோடு திரும்புவாள். முதல் தவணை ஒரு நர்ஸம்மாவிடம், மூன்றாவது தவணை இன்னொருவரிடம். இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்றால் ஒரே குழந்தை இரண்டு கணக்கிலும் ஏறலாம், இரண்டிலும் இல்லாமலும் போகலாம். இதையெல்லாம் அதிகாரிகள் என்னைவிட நன்றாக அறிவார்கள். அதனால்தான் பலர் தங்கள் சதவீதத்தைத் தாங்களே நம்புவதில்லை. நம்பாத எண்ணை வைத்து ஆய்வுக் கூட்டம் நடத்துவது எவ்வளவு பெரிய அலுப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த அலுப்பின் விலையைத் தமிழ்நாடு ஒருமுறை பார்த்தது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 2005-06இல் 12 முதல் 23 மாதக் குழந்தைகளில் எல்லா அடிப்படைத் தடுப்பூசிகளும் போட்டவர்கள் தமிழ்நாட்டில் 80.9 சதவீதம். இந்திய அளவில் 43.5தான். நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டோம். 2015-16இல் இந்தியா 62.0க்கு ஏறியது. தமிழ்நாடு 69.7க்கு இறங்கியது. நாடே ஏறும்போது நாம் பதினொரு புள்ளி சரிந்தோம். 1939இல் நாட்டிலேயே முதன்முதலாகப் பொது சுகாதாரச் சட்டம் போட்ட மாகாணம், பொது சுகாதாரத்துக்குத் தனி இயக்குநரகம் வைத்திருக்கும் மாநிலம்.

இந்தச் சரிவுக்கு முன்னால் என்ன நடந்தது என்பதை இளைய தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அதிர்ந்துபோன அரசு, கிராமத்துக்குப் போய் ஊசி போடும் முறையை நிறுத்தியது. இனி ஆரம்ப சுகாதார நிலையத்தில், மருத்துவர் இருக்கும்போதுதான் ஊசி. நான்கு பிள்ளைகள் செத்த பிறகு எந்த அரசும் அப்படித்தான் யோசிக்கும்; அதில் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை. ஆனால் ஊசி ஊரிலிருந்து ஐந்து, பத்து கிலோமீட்டர் தள்ளிப் போனபோது யாருக்குத் தூரமானது? டூவீலர் இருக்கிற வீட்டுக்கு இல்லை. கைக்குழந்தையோடு மினி பஸ்ஸுக்குக் காத்திருக்கும், அன்றைய கூலியை விட்டுவிட்டு வர வேண்டிய பெண்ணுக்கு. பின்னாளில் கிராமத்துக்குப் போகும் முறை திரும்பவும் வந்தது. 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாடு 89.2க்கு ஏறிவிட்டது. இந்திய அளவு 76.4. எனவே இப்போது எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள்.

69.7 வந்தபோது நான் பேசிய அதிகாரிகள் பலர் சர்வே தப்பு என்றார்கள். அட்டை கையில் இல்லாத தாய்மார்கள் ஞாபகத்திலிருந்து சொன்னதை எழுதிக்கொண்டார்கள், மாவட்டத்துக்குச் சில குழந்தைகளைப் பார்த்துவிட்டுச் சதவீதம் போட்டார்கள் என்று. இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அந்த வயதுக் குழந்தைகள் ஒரு மாவட்ட மாதிரியில் அதிகம் இருக்க மாட்டார்கள். ஆனால் 89.2 வந்தபோது அதே முறையில் எடுத்த சர்வேயை யாரும் தப்பு என்று சொல்லவில்லை.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன்.

மாதாந்திர சுகாதார அறிக்கைப் படிவத்தில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகளை ஆண், பெண் என்று தனித்தனியாக எழுத வேண்டும். பட்டியல் சாதியா, பழங்குடியா என்று அந்த இடத்தில் கேட்பதில்லை. ஆனால் நர்ஸம்மா கர்ப்பிணியைப் பதிவு செய்யும் தாய்சேய்ப் பதிவேட்டில் சாதிக்கு ஒரு கட்டம் இருக்கிறது: பட்டியல் சாதி, பழங்குடி, மற்றவர். அதாவது தகவல் அடியில் வாங்கப்படுகிறது. மேலே போகும் வழியில் விடப்படுகிறது. யாரும் சதி செய்து விட்டதாக நான் நினைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் அனுப்பவில்லை. மதுரை மாவட்டத்தில் நாம் 2011 கணக்குப்படி சுமார் 13.5 சதவீதம். இந்த அளவு இருக்கிற ஒரு மக்களை விட்டுவிட்டுக்கூட ஒரு சராசரி மிக அழகாக 90ஐத் தொடும். மேலே போட்ட கணக்கு அதைத்தான் காட்டுகிறது.

தனியாக எண்ணினால் என்ன ஆகும் என்பதற்கு நம் மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கம் பெண் சிசுக்கொலை நடப்பதை 1986இல் ஒரு ஆங்கில இதழ் எழுதியபோது நாடே பேசியது. பேச்சு பேச்சாகவே போய்க்கொண்டிருந்தது. ஷீலா ராணி சுங்கத், வெங்கடேஷ் ஆத்ரேயா இருவரும் ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளில் இருந்த சிசு மரணங்களை ஆண், பெண் என்று பிரித்து எண்ணி 1997இல் வெளியிட்டார்கள். சர்வே எடுக்கப் புதிதாக யாரையும் அனுப்பவில்லை. எண் ஏற்கெனவே செவிலியர்களின் பதிவேட்டில் கிடந்தது. பிரித்துப் பார்த்ததும் எந்தப் பகுதியில் எவ்வளவு என்று தெரிந்தது. மாநிலம் முழுக்க நடக்கிறது என்று யாரும் மழுப்ப முடியவில்லை, எங்குமே நடக்கவில்லை என்றும் மறுக்க முடியவில்லை. அதே பதிவேட்டின் இன்னொரு கட்டம்தான் நாம் பேசுவது.

இங்கே ஒரு பழைய கதை. 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் அம்மை குத்தும்போது, ஒரு குழந்தையின் கையில் குத்தி, எட்டு நாள் கழித்துக் கொப்புளத்திலிருந்து எடுத்த நீரை அடுத்த குழந்தைக்கு வைப்பார்கள். கையிலிருந்து கைக்கு. நம் பிள்ளைகளின் கையில் எடுத்த நீர் தங்கள் உடம்பில் ஏறக்கூடாது என்று மேல்சாதியார் மறுத்த செய்திகள் வரலாற்று நூல்களில் இருக்கின்றன. அன்றைக்கு அம்மை குத்துகிறவர் எந்தப் பிள்ளையின் சாதி என்ன என்று மிகக் கவனமாகத் தெரிந்து வைத்திருந்தார். இன்றைய படிவத்துக்குச் சாதியே தெரியாது. இரண்டாலும் நமக்குத்தான் நஷ்டம்.

சுகாதாரத்தில் தீண்டாமை பழைய கதை மட்டும் இல்லை. தமிழ்நாடு உட்பட 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் எடுத்த ஆய்வு 2006இல் புத்தகமாக வந்தது. சுகதேவ் தோரட், ஹர்ஷ் மந்தர் உள்ளிட்டோர் எழுதியது. மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் பொது சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குப் போக மறுக்கிறார்கள் என்றது அது. தமிழ்நாட்டு நர்ஸம்மாக்களை அப்படி ஒட்டுமொத்தமாகச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர்களில் நம் பெண்கள் நிறையப் பேர். அவர்களின் பாடு வேறு. துணை நிலையத்தில் தங்க முடியாத நிலையில் ஊருக்குள் வாடகைக்கு வீடு கேட்டால் என்ன சாதி என்று கேட்பார்கள். ஊர்த் தெருவில் வீடு வீடாகப் போகும்போது திண்ணையோடு நிற்க வேண்டும். இதையும் எந்த ஆய்வுக் கூட்டமும் கேட்பதில்லை. எண் குறைந்தால் மட்டும் அவர் பதில் சொல்ல வேண்டும்.

அங்கன்வாடி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஊசி போடும் இடம் பெரும்பாலும் அதுதான். அது ஊருக்குள் இருந்தால், காலனிப் பெண் கைக்குழந்தையோடு ஊர்த் தெருவைக் கடந்து போக வேண்டும். சில ஊர்களில் இது ஒரு விஷயமே இல்லை. சில ஊர்களில், திருவிழா முடிந்து சண்டை வந்த மாதங்களில், அதுதான் முழு விஷயம். ஆய்வுக் கூட்டத்தில் "அந்த மாதம் ஏன் குறைந்தது" என்று கேட்டால் எழுத ஒரு காரணம் தயாராக இருக்கும்: விழிப்புணர்வு இல்லை.

இந்த ஒரு சொல் போல எனக்கு எரிச்சல் தருவது வேறில்லை. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி இயக்கம் தமிழ்நாட்டில் தொடங்கியது, 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லோருக்கும். வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. தனியார் பள்ளிகளில் பெற்றோர் பலர் கையெழுத்துப் போட மறுத்தார்கள். இயக்கத்தை மார்ச் வரை நீட்டினார்கள். அப்போது அந்தப் பெற்றோரை யாரும் விழிப்புணர்வற்றவர்கள் என்று எழுதவில்லை. "தயக்கம்" என்று எழுதினார்கள். டாக்டர்கள் நேரில் போய் விளக்கினார்கள், பள்ளி வாரியாக எண்ணிக்கை எடுத்தார்கள், விட்ட பள்ளிக்கு மறுபடி போனார்கள். சரியான வேலை. அதே மரியாதை காலனிக்கும் வேண்டும் என்கிறேன்.

காலனியில் ஏன் மூன்றாவது தவணை விட்டுப்போகிறது? போய்க் கேளுங்கள். முதல் ஊசிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது, இரண்டு நாள் அழுதது, அம்மா இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் வரும், பயப்படாதே என்று சொல்லி மருந்து கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதி கூலி. நூறு நாள் வேலையில் 2023இலிருந்து செயலியில் காலையும் மதியமும் இரண்டு போட்டோ எடுத்தால்தான் வருகை. புதன்கிழமை பத்து மணிக்கு ஊசி போட்டுவிட்டு வந்தால் காலை போட்டோ போச்சு, அன்றைய சம்பளமும் போச்சு. இரண்டு அரசுத் திட்டங்கள் ஒரே பெண்ணை ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிற்கச் சொல்கின்றன. வட்டார வளர்ச்சி அலுவலகமும் வட்டார மருத்துவ அலுவலரும் உட்கார்ந்து ஒரு புதன்கிழமையைப் பேசித் தீர்க்க முடியாதா? முடியும். ஆனால் அதற்கு, விட்டுப்போன ஐந்து பேரும் ஒரே தெரு என்று முதலில் தெரிய வேண்டும்.

நகரத்தில் இன்னும் வேடிக்கை. தூய்மைப் பணியாளர்கள் விடியற்காலையில் வார்டுக்குப் போக வேண்டும். ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு ஒரு நாள் விடுப்பு என்றால் ஒரு நாள் கூலி பிடித்தம். ஊசி முகாம் நடக்கும் நேரமும் அவர்கள் துடைப்பம் பிடிக்கும் நேரமும் ஒன்று. நகரைச் சுத்தமாக வைப்பதும் பிள்ளைகளுக்கு ஊசி போடுவதும் மாநகராட்சியில் காலங்காலமாகச் சுகாதாரப் பிரிவின் வேலைகள்தான். தாயின் வருகைப் பதிவேடும் பிள்ளையின் தடுப்பூசிப் பதிவேடும் ஒரே கட்டடத்துக்கு வந்து சேர்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் யாரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

மருத்துவர்கள் பக்கத்து நியாயம் ஒன்றையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நீங்கள் போய்ப் பேசும்போது திணறுவீர்கள். தட்டம்மை-ருபெல்லா மருந்தும் காசநோய்த் தடுப்பு மருந்தும் தூளாக வரும். கரைத்தால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், மிஞ்சியதைக் கொட்ட வேண்டும். காலனியில் தனியாக முகாம் போட்டால் மூன்று பிள்ளைகள் வருவார்கள். திறக்கும் வயலில் ஐந்தோ பத்தோ டோஸ் இருக்கும். மீதி வீண். வீணானதுக்கும் ஒரு சதவீதம் உண்டு, அதற்கும் கூட்டத்தில் கேள்வி உண்டு. எனவே எல்லோரும் ஒரே இடத்துக்கு வாருங்கள் என்கிறார்கள். என் கணக்கில் வீணாகும் ஏழு டோஸ் ஒரு தட்டம்மைக் குழந்தையைவிட மலிவு. தட்டம்மை பரவாமல் நிற்க நூற்றுக்கு 95 பேருக்கு இரண்டு டோஸும் போயிருக்க வேண்டும், அதுவும் எல்லாத் தெருவிலும். மாவட்டச் சராசரி 95 இருந்து ஒரு தெருவில் 50 இருந்தால் வைரஸ் அந்தத் தெருவைக் கண்டுபிடித்துவிடும். 2022இல் மும்பையில் கோவண்டிப் பகுதியில் அப்படித்தான் பிள்ளைகளை இழந்தார்கள்.

நம் மாவட்டத்துக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசியும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1985இல் மதுரையில் ஒரு பூச்சியியல் ஆய்வு மையமே வைத்தது, நம் வயல்களில் அந்தக் கொசு எப்படிப் பெருகுகிறது என்று பார்க்க. நெல் வயல், வாய்க்கால், பன்றி: கொசுவுக்கும் கிருமிக்கும் வேண்டியதெல்லாம் ஒன்றாக இருக்கும் இடம் எது? பல ஊர்களில் காலனி இருக்கும் இடம்தான். ஆபத்து சராசரியாகப் பங்கிடப்படுவதில்லை. ஊசி மட்டும் சராசரியில் கணக்காகிறது.

இந்தியா போலியோவை ஒழித்தது எப்படி என்று படித்துப் பாருங்கள். கடைசி நோயாளி 2011 ஜனவரி 13, ஹவுரா. 2014 மார்ச் 27இல் சான்றிதழ். உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் மாவட்டச் சதவீதத்தை வைத்து அது நடக்கவில்லை. வீடு வீடாகப் போய்க் கதவில் சாக்பீஸால் குறித்தார்கள், விட்ட வீட்டுக்கு எக்ஸ் போட்டார்கள், அந்த எக்ஸ் வீட்டுக்கு மறுபடி மறுபடி போனார்கள். செங்கல் சூளை, கட்டட வேலை நடக்கும் இடம், நாடோடிக் குடியிருப்பு என்று தனிப் பட்டியல் வைத்தார்கள். இன்றும் தடுப்பூசிக்கான நுண்திட்டத்தில் இந்தப் பட்டியல் இருக்கிறது. சூளைக்கு இடம் கொடுத்த பட்டியலில், நூறு வருடமாக ஒரே இடத்தில் இருக்கும் காலனிக்குத் தனி இடம் இல்லை. அது ஊரோடு சேர்த்தி. தண்ணீர் எடுக்கும்போது இல்லாத சேர்த்தி.

இப்போது யூ-வின் வந்திருக்கிறது. ஒவ்வொரு குழந்தையும் பெயரோடு கணினியில். நினைத்தால் குடியிருப்பு வாரியாக, தவணை வாரியாக ஒரு நொடியில் பிரித்துப் பார்க்கலாம். நினைக்க வேண்டும். நர்ஸம்மாக்கள் பதிவேடு, பிக்மி, யூ-வின் என்று ஒரே குழந்தையை மூன்று இடத்தில் எழுதிக்கொண்டு இரவு பத்து மணி வரை போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். எழுதுவதற்கே நேரம் போய்விடுகிறது.

எனக்கு ஒரு பயமும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. சாதிவாரியாகப் பிரித்து, காலனியில் 50 என்று ஒரு தாள் வெளியே வந்தால், அதைக் காட்டி "பாருங்கள், இவர்கள் இப்படித்தான்" என்று சொல்ல ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். முத்துலட்சுமி ரெட்டி திட்டப் பணத்தின் தவணைகள் ஏற்கெனவே தடுப்பூசியோடு கட்டப்பட்டிருக்கின்றன. ஊசி போடாதவளுக்குப் பணத்தை நிறுத்து என்று சொல்வது சுலபம். ஆகவே 50 என்ற எண்ணை மட்டும் கேட்காதீர்கள். அதோடு சேர்த்து, அந்தக் காலனிக்குள் அந்த ஆண்டு எத்தனை முகாம் திட்டமிட்டீர்கள், எத்தனை நடத்தினீர்கள் என்ற எண்ணையும் கேளுங்கள். இரண்டும் ஒரே தாளில் வர வேண்டும். முதல் எண் தாயைப் பற்றிப் பேசும். இரண்டாவது எண் அரசைப் பற்றிப் பேசும்.

நம் தோழர்கள் சிலர் இந்த மாதம் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுகிறார்கள். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள். கேட்பது மூன்றுதான். உங்கள் வட்டாரத்தில் ஒவ்வொரு துணை நிலையத்துக்கும் ஊசி போடும் இடங்கள் எவை, அவற்றில் ஆதிதிராவிடர் குடியிருப்புக்குள் இருப்பவை எத்தனை. கடந்த 12 மாதங்களில் முதல் தவணை, மூன்றாவது தவணை பென்டாவேலன்ட் பெற்றவர்கள் பட்டியல் சாதி, பழங்குடி, மற்றவர் என்ற பிரிவில் எத்தனை பேர். திட்டமிட்ட முகாம்கள், நடந்த முகாம்கள் இடவாரியாக எத்தனை. எந்தத் தாயின் பெயரையும், எந்தக் குழந்தையின் பெயரையும் கேட்கக் கூடாது. எண் போதும். இரண்டாவது கேள்விக்கு "அந்த வடிவில் தகவல் பராமரிக்கப்படவில்லை" என்று பதில் வரும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். சட்டத்தின் 2(ஞ) பிரிவு ஆவணங்களை நேரில் பார்வையிடும் உரிமையைத் தருகிறது. முகவரியையும் பெயரையும் மறைத்துவிட்டுச் சாதிக் கட்டத்தையும் ஊசித் தேதியையும் காட்டுங்கள் என்று கேட்டு, நாமே உட்கார்ந்து எண்ணலாம். ஒரு துணை நிலையத்துக்கு எழுபது வரி. ஒரு மதியம் போதும்.

ஒரே ஒரு வேண்டுகோள். புதன்கிழமை போகாதீர்கள். அன்றைக்கு நர்ஸம்மாவுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. வேறொரு நாள் காலையில் போங்கள், அவரிடம் முதலில் பேசுங்கள். எந்தத் தெரு என்று அவருக்குத் தெரியும்.